அரியர் இருக்கிறது, எம்பிஏ வேண்டும்

இன்ஜினியரிங்கில் நான்கு அரியர் வைத்து, அப்புறம் அமெரிக்காவில் எம்பிஏ முடித்தவள் நான். இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, மெக்கானிக்கல், சிஜிபிஏ 6.4. எம்1, எம்2 என்ற இரண்டு கணிதத் தாள்களிலும் அரியர். எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டில் 700 எடுத்தால் அமெரிக்கக் கல்லூரிகள் அந்த அரியர்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுமா?

விடாது. முதலில், அந்த 700 உங்கள் சீனியர் காலத்துக் கணக்கு. 2023 நவம்பரில் புது ஜிமேட் வந்தது. இப்போது ஸ்கோர் 205 முதல் 805 வரை, எல்லாமே 5-ல்தான் முடியும். பழைய 700-க்கு இன்று ஏறக்குறைய 645 சமம்.

விண்ணப்பத்தைப் படிப்பவர் எந்தப் பாடத்தில் சறுக்கினீர்கள் என்றும் பார்ப்பார். உங்களுக்குச் சறுக்கியது கணிதம். முதல் செமஸ்டர் புள்ளியியலிலும் ஃபைனான்ஸிலும் இவர் தாக்குப்பிடிப்பாரா என்பதுதான் அவருடைய சந்தேகம். அதைத் தீர்ப்பது மொத்த ஸ்கோர் இல்லை, 60 முதல் 90 வரை தனியாக வரும் குவான்ட், அதாவது கணக்குப் பகுதியின் ஸ்கோர். வெர்பல் என்ற ஆங்கிலப் பகுதி தூக்கிவிட்ட 645-ஐவிட, குவான்ட் உறுதியாக உள்ள 635 உங்களுக்கு நல்லது என்பேன். கூடவே புள்ளியியலிலோ கணக்கியலிலோ, கிரேடு தரும் பல்கலைக்கழக ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை முடியுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். நேர்காணலில் அரியரை விட்டுவிட்டு அந்தக் கோர்ஸைப் பற்றித்தான் கேட்டார்கள்.

பி.காம். படித்தவள். ஜிமேட்டா, அதற்குப் பதிலாகப் பல கல்லூரிகள் ஏற்கும் ஜிஆர்இ தேர்வா?

இரண்டிலும் ஒவ்வொரு அதிகாரப்பூர்வ இலவச மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள், ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஜிமேட் குவான்டில் கால்குலேட்டர் கிடையாது, ஜியோமெட்ரியும் இல்லை. ஜிஆர்இ-யில் இரண்டும் உண்டு, ஆனால் ஆங்கிலச் சொல்வளம் வேண்டும். இரண்டு ஸ்கோரும் 5 ஆண்டு செல்லும்.

10-க்கு வாங்கிய சிஜிபிஏவை நானே அமெரிக்க முறைப்படி 4-க்கு மாற்றிப் போடலாமா?

கல்லூரி கேட்டால் தவிர வேண்டாம். மார்க் பட்டியலில் உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

ஐஐஎம் நுழைவுத் தேர்வான கேட்டில் (CAT) 99 பெர்சென்டைல். பத்தாம் வகுப்பில் 68 சதவீதம். ஐஐஎம் அகமதாபாத் கிடைக்குமா?

கஷ்டம்தான். அங்கே பத்தாம் வகுப்பிலிருந்தே மார்க்கைச் சூத்திரத்தில் போட்டுக் கணக்கிடுவார்கள். விளக்கக் கட்டுரை எழுதி அதை ஈடுகட்ட முடியாது. பதினைந்து வயதில் வாங்கிய மார்க் இத்தனை காலம் துரத்துவது எனக்குப் பிடிக்காத விஷயம், ஆனால் விதி அதுதான். நாலைந்து வருட வேலை அனுபவம் சேர்ந்ததும் அகமதாபாத், பெங்களூர் ஐஐஎம்களின் ஓராண்டுப் படிப்புகளையோ இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸையோ (ஐஎஸ்பி) ஜிமேட் மூலம் முயலலாம்.

சில கல்லூரிகள் ஜிமேட் போன்ற தேர்வுக்கே விலக்கு தருகின்றனவே, வாங்கிக்கொள்ளட்டுமா? சிஜிபிஏ 6.1.

வேண்டாம். மார்க் குறைந்தவருக்குப் பேச இருக்கும் ஒரே புது எண் அந்த ஸ்கோர்தான். முதல் தடவை சரியாக வராவிட்டால் 16 நாள் கழித்து மறுபடி ஜிமேட் எழுதலாம்.

அப்பா தவறிய செமஸ்டரில்தான் என் மார்க் விழுந்தது. எழுதினால் அனுதாபம் தேடுவது போல் இருக்காதா அக்கா?

இருக்காது, எழுதுங்கள். விண்ணப்பத்தில் விரும்பினால் மட்டும் எழுதும் கூடுதல் கட்டுரையில் மூன்று வரி போதும்: எந்த செமஸ்டர், என்ன நடந்தது, அடுத்த செமஸ்டரில் எவ்வளவு எடுத்தீர்கள். அந்த மூன்றாவது வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.