செல்டிக் கால்பந்து கிளப்பின் பழைய ஆட்டக்காரர்களை கிளாஸ்கோவில் இன்னும் இவ்வளவு கொண்டாடுவது ஏன்? எப்போதோ ஜெயித்த ஒரே ஒரு கோப்பைதானே?

கேள்வியின் இரண்டாவது பாதியைப் படித்ததும் மனசு சுருக்கென்றது. அது இல்லையென்றால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

நீங்கள் கிளாஸ்கோவுக்குப் படிக்க வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை பச்சை வெள்ளைப் பட்டைச் சட்டைக் கூட்டத்தோடு பஸ்ஸில் மாட்டியிருப்பீர்கள். பக்கத்து சீட்டுத் தாத்தா 1967 கதையை ஆரம்பித்திருப்பார். எனக்கும் முதல் வருடம் அப்படித்தான் இருந்தது, சலிப்பாகத்தான் இருந்தது.

நான் கால்பந்து நிபுணர் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரி. எங்கள் பக்கம் பையன்கள் நடக்கப் பழகியதும் பந்து உதைப்பார்கள், அதைப் பார்த்து வளர்ந்த பழக்கம் மட்டும் உண்டு. 2018இல் கணவரோடு இங்கே வந்தேன். ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளர் வேலை. செல்டிக்குக்கு எதிர்முகாமான ரேஞ்சர்ஸ் கிளப்பின் ஆதரவாளர்கள் யாராவது படித்தால் கோபப்பட வேண்டாம். எங்கள் இல்லத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் டீ போட்டுக் கொடுத்தேன்.

"ஒரே ஒரு கோப்பை" என்கிறீர்கள். அது ஐரோப்பியக் கோப்பை, இன்றைக்குச் சாம்பியன்ஸ் லீக் என்கிறார்களே அதுதான். ஸ்காட்லாந்திலிருந்து அதை ஜெயித்த கிளப் இன்றுவரை செல்டிக் மட்டும்தான். பிரிட்டனிலேயே முதலில் ஜெயித்ததும் அவர்கள்தான். 1967 மே 25, லிஸ்பன். எதிரில் இத்தாலியின் இன்டர் மிலான். ஏழாவது நிமிடத்திலேயே பெனால்டியில் ஒரு கோல் வாங்கிவிட்டார்கள். அப்புறம் விடாமல் அடித்து அடித்து, 63ஆவது நிமிடத்தில் டாமி கெம்மல் ஒன்று, முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது ஸ்டீவி சால்மர்ஸ் ஒன்று. 2-1. அந்த சீசனில் ஸ்காட்லாந்து லீக், ஸ்காட்டிஷ் கப், லீக் கப் என்று கலந்துகொண்ட எதையும் விட்டுவைக்கவில்லை.

அந்தப் பதினொரு பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற தூரம்கூட இல்லை. இங்கே வயதானவர்களுக்கு அவர்கள் டிவியில் பார்த்த நட்சத்திரங்கள் இல்லை. நம்ம தெருப் பையன், கூடப் படித்தவனின் அண்ணன், மாமா வேலை பார்த்த சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகன். பயிற்சியாளர் ஜாக் ஸ்டீனே சுரங்கத் தொழிலாளியாக இருந்து வந்தவர்தான்.

சரி, இதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும். எனக்கு அது எப்படிப் புரிந்தது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். பெயர் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர். 1967இல் மூன்று கூட்டாளிகளோடு ஒரு சின்னக் காரில் பிரான்ஸ், ஸ்பெயின் எல்லாம் தாண்டி லிஸ்பன் போனவர். நான் பார்த்தபோது டிமென்ஷியா என்கிற மறதி நோய் நன்றாக முற்றியிருந்தது. எந்த வருடம் என்று தெரியாது. மனைவி இறந்தது தெரியாது. ஞாயிறுதோறும் வருகிற மகளைச் சில நாள் அக்கா என்பார், சில நாள் நர்ஸ் என்பார்.

காலையில் குளிக்க வைப்பதுதான் பெரிய பாடு. தண்ணீர் என்றால் பயம். கையை முறுக்குவார், திட்டுவார், ஒருமுறை என் கண்ணாடியைத் தட்டிவிட்டு உடைத்தார். அந்த நோய் அப்படிச் செய்ய வைக்கும். அவரைக் குறை சொல்லவில்லை.

அப்போது ஒரு தன்னார்வலர் பழைய கால்பந்துப் படங்களை எடுத்துக்கொண்டு வருவார். ஃபுட்பால் மெமரீஸ் என்ற திட்டம், அல்சைமர் ஸ்காட்லாந்து அமைப்பும் ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் இருக்கிற கால்பந்து அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்துவது. மறதி நோய் உள்ளவர்களிடம் பழைய ஆட்டப் படங்களைக் காட்டிப் பேச வைப்பார்கள். அவர் அந்த லிஸ்பன் அணியின் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை நம் பெரியவர் மடியில் வைத்தார். பெரியவர் விரலை வைத்து ஒவ்வொரு முகமாகத் தடவி, நிறுத்தாமல் சொன்னார்: சிம்ப்சன், கிரெய்க், கெம்மல், மர்டாக், மெக்நீல், கிளார்க், ஜான்ஸ்டன், வாலஸ், சால்மர்ஸ், ஆல்ட், லெனாக்ஸ். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அந்தப் பதினொரு பெயரையும் மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்த மாதிரி. மறுநாள் காலை குளியலறை வாசலில் அவர் அடம் பிடித்தபோது, "சிம்ப்சன்..." என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். "கிரெய்க்" என்றார். கெம்மலுக்குச் சட்டை கழன்றது, ஜான்ஸ்டனுக்குத் தலை நனைந்தது. லெனாக்ஸ் வரும்போது துண்டு சுற்றியாகிவிட்டது. அதன்பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். என்னை "ஹென்" என்று கூப்பிட ஆரம்பித்தார். கிளாஸ்கோவில் பெண்பிள்ளைகளைப் பாசமாக அழைக்கிற சொல் அது, எங்கள் ஊரில் "மக்களே" என்பது போல.

பல் செட்டைக் கழற்றிக் கழுவும்போது தினமும் ஒரே கதை. லிஸ்பனில் ஆடியவர்களில் பல் செட் வைத்திருந்தவர்கள், கோப்பை வாங்கும்போது படத்தில் பல்லோடு சிரிக்க வேண்டுமே என்று, அதை கோல்கீப்பர் சிம்ப்சனின் தொப்பிக்குள் போட்டு கோல் வலைக்குள் வைத்திருந்தார்களாம். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் தன் செட்டை வாயில் வாங்குவார். சில நாள் ஜான்ஸ்டன் கதை வரும். குள்ளமான, செம்பட்டை முடி விங்கர், அதாவது மைதானத்தின் ஓரமாக ஓடித் தாக்குகிறவர். 2002இல் ரசிகர்கள் வாக்குப்போட்டு, கிளப்பின் எல்லாக் காலத்திலும் சிறந்த ஆட்டக்காரர் என்று தேர்ந்தெடுத்தது அவரைத்தான். அவருக்கு விமானம் என்றால் நடுக்கம். 1968இல் பெல்கிரேடின் ரெட் ஸ்டாருடன் இங்கே ஆட்டம். நாலு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் அங்கே நடக்கிற அடுத்த ஆட்டத்துக்கு நீ பறக்க வேண்டாம் என்று ஸ்டீன் வாக்குக் கொடுத்தார். 5-1. ஜான்ஸ்டன் மட்டும் இரண்டு கோல். மைதானத்தில் துள்ளிக் குதித்து, "நான் போக வேண்டாம்" என்று கத்தினாராம். தண்ணீருக்குப் பயப்படுகிற ஒருவர் விமானத்துக்குப் பயந்தவரின் கதையைச் சொல்வதை ஈரக் கையோடு நின்று கேட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று சொல்வீர்கள், இருக்கட்டும். நான் நாகர்கோவிலில் நர்சிங் முடித்து நாலு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஆங்கிலத் தேர்வும் செய்முறைத் தேர்வும் முடிக்க வேண்டும், அதுவரைக்கும் இந்த வேலை. ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சொந்தக்காரர் ஒருவர் பந்தியில் வைத்தே, "நர்சுக்குப் படிச்சிட்டு வெள்ளைக்காரக் கிழவனுக்கு ஆயா வேலை பார்க்கிறா" என்றார். சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு பேர் தூக்க வேண்டிய ஒரு மனிதரை, அடிக்கவும் பயப்படவும் செய்கிற ஒருவரை, வலி தெரியாமல், மானம் போகாமல் குளிப்பாட்டி உட்கார வைப்பது படிக்காமல் வருகிற வேலையா? அந்தச் சொந்தக்காரருடைய அப்பாவைக் கடைசி ஒரு வருடம் யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் பார்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2019 ஏப்ரல் 23, ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை. பில்லி மெக்நீல் முந்தைய ராத்திரி இறந்துவிட்டார் என்று காலைச் செய்தியில் வந்தது. லிஸ்பனில் கோப்பையைத் தூக்கிய கேப்டன். வயது 79. அவருக்கும் டிமென்ஷியாதான், இரண்டு வருடம் முன்பே குடும்பத்தார் வெளியே சொல்லியிருந்தார்கள். பெரியவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். படம் வந்தது, ஆனால் சேதி புரியவில்லை. "பில்லிக்கு என்ன?" என்று கேட்டார். நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு. சொந்தத் தம்பி போன மாதிரி அழுதார். மதியம் மறந்துவிட்டார். நாலு மணிக்கு டிவியில் மறுபடி காட்டினார்கள், மறுபடி கேட்டார். இந்த முறை, "உங்க பில்லியைப் பத்தித்தான் பேசுறாங்க" என்று மட்டும் சொன்னேன். இதைப் பொய் என்று யாராவது கருத்துப் பெட்டியில் எழுதலாம். ஒரே மனிதருக்கு ஒரே நாளில் இரண்டு தடவை சாவுச் செய்தி சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஷிஃப்ட் முடிந்து செல்டிக் மைதானம் போனேன். 2015இல் வைத்த மெக்நீல் சிலை அங்கே, கோப்பையைத் தலைக்குமேல் தூக்கியபடி இருக்கிறது. அதன் காலடியில் ஸ்கார்ஃபும் பூவும் மலைபோல் கிடந்தன. வேலைக்குப் போகிற உடையிலேயே நின்று அழுதுகொண்டிருந்த ஆண்களைப் பார்த்தேன். வாங்கிப்போன ஒரு கட்டு டாஃபடில் பூவை வைத்தேன். பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார், இந்தியா என்றேன். உடனே, "சலீம் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. 1936இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து வந்த முகமது சலீம் பூட்ஸ் போடாமல், காலில் துணி சுற்றிக்கொண்டு செல்டிக்கின் இரண்டாம் அணிக்கு இரண்டு ஆட்டம் ஆடியிருக்கிறார். இருக்கச் சொல்லி எவ்வளவோ கேட்டும் ஊர் ஏக்கம் தாங்காமல் திரும்பிவிட்டாராம். இரண்டே ஆட்டம் ஆடியவரை எண்பது வருடம் கழித்தும் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே பாதி இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை செல்டிக்குக்குக் கில்மார்னக் அணியுடன் ஆட்டம். 67ஆவது நிமிடத்தில், மெக்நீலின் ஐந்தாம் நம்பர் சட்டை போட்டிருந்த சிமுனோவிச் தலையால் முட்டி கோல் போட்டார். 1-0. ராத்திரிச் செய்தியில் பார்த்த பெரியவர், "பில்லி" என்றார். நான் திருத்தவில்லை. திங்கட்கிழமை ஸ்டீவி சால்மர்ஸும் போய்விட்டார், அவருக்கும் அதே நோய். அந்தச் செய்தி வந்த பேப்பரை மகள் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மெக்நீல் தலையால் முட்டுவதில் பெயர் போனவர். 1965 ஸ்காட்டிஷ் கப் இறுதியில் ஜெயித்துக் கொடுத்ததும், 1967 மார்ச்சில் அதே ஐரோப்பியக் கோப்பையில் யூகோஸ்லாவியாவின் வோய்வோதினாவுடன் கடைசி நிமிடத்தில் செல்டிக்கைக் காப்பாற்றியதும் அவர் தலைதான். அந்த கோல் இல்லையென்றால் லிஸ்பன் வரை போயிருப்பார்களோ என்னவோ. அதே 2019 அக்டோபரில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து ஆய்வு வந்தது. ஸ்காட்லாந்தின் 7,676 முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பார்த்ததில், மூளை நலிவு நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம். 2021இல் வந்த தொடர்ச்சியில் கோல்கீப்பர்களுக்கு அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, மெக்நீல் மாதிரி தடுத்து ஆடுகிற டிஃபென்டர்களுக்கு மிக அதிகம். மெக்நீலுக்கு நோய் வந்தது பந்தால்தான் என்று நான் சொல்லவில்லை, ஒரு தனி மனிதரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. என் பெரியவர் பந்தே ஆடியதில்லை, அவருக்கும் வந்தது. ஆனால் 2020இல் ஸ்காட்லாந்தில் 12 வயதுக்குக் கீழ் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நானும் ஊரில் தம்பிக்கு ஃபோன் போட்டு, அவன் பயிற்சி கொடுக்கிற சின்னப் பையன்களுக்கு அதைச் சொல்லித்தராதே என்று சண்டை போட்டேன்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பதினொரு பெயர் அவருக்குப் பிடிக்காது. "என் பெயர் மறந்துவிட்டது, அவங்க பெயர் மட்டும் எப்படி மறக்கல?" என்று ஒருமுறை சமையலறையில் நின்று என்னிடம் கேட்டார். என்ன சொல்வது? டீ கொடுத்தேன்.

2020 வசந்தத்தில் கொரோனாவுக்காக இல்லத்தைப் பூட்டிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் தோட்டத்தில் நின்று ஜன்னல் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். மகள் மழையில் குடையோடு நின்றார். நான் உள்ளே முகக்கவசத்தோடு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பெரியவர் காதருகே பிடித்திருந்தேன். அப்பா அப்பா என்று கூப்பிட்டார். பெரியவர் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை, போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஃபோனில் மழைச் சத்தம் மட்டும் வந்தது.

அப்புறம் மகள், "சிம்ப்சன்" என்றார்.

பெரியவர் நிமிர்ந்தார். ஜன்னலைப் பார்த்து, "கிரெய்க்" என்றார்.

லெனாக்ஸ் வரை போனார்கள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.