இரண்டு வருடமே ஆன காரில் இன்ஜின் ஆயில் கசிவது ஏன்?

போன மாதம் சர்வீஸ் விட்ட வண்டி, ஏற்காடு போய்வந்து சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் நிறுத்திய மறுநாள் தரையில் ஆயில் சொட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் கம்பி) பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் குறைவாக இருந்தால் ஆயில் ஊற்றாமல் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

சர்வீஸுக்குப் பிறகு வந்த கசிவு என்பதால் என் முதல் சந்தேகம் ட்ரெய்ன் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் போல்ட்) வாஷர் மேலும் ஆயில் ஃபில்டர் மேலும்தான். பழைய வாஷரையே போட்டு முறுக்கிவிடுவது உண்டு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதுசை மாட்டினால் நன்றாகவே கசியும்.

சொட்டு விழுந்த இடத்தை நம்பாதீர்கள். ஆயில் மேலிருந்து வழிந்து, காற்றில் பின்னால் போய், இன்ஜினுக்குக் கீழே உள்ள அடித்தட்டில் தேங்கி வேறெங்கோ சொட்டும். தட்டைக் கழற்றி, டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போட்டுத் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் ஆக உயரமான இடத்தில்தான் கசிவு இருக்கும். இன்ஜின் மேல்மூடியின் கசிவைத் தடுக்கும் வால்வு கவர் கேஸ்கெட் என்றால் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழுந்து தீய்ந்த வாடை வரும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது கட்டாயம் மூக்கில் ஏறும். அப்படியானால் இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்திருந்தால் உள்ளழுத்தம் கூடி, புது கேஸ்கெட்டும் கசியும்.

கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் பின்பக்க கிராங்க் சீலாக (கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் வளையம்) இருக்கலாம். சீல் விலை குறைவு, கியர்பாக்ஸை இறக்கும் கூலிதான் பெரிது. வாரண்டி இருக்கும்வரை வெளி மெக்கானிக் கைவைக்க வேண்டாம். துடைப்பதற்கு முன்பே படம் எடுத்துவைத்து, கசிவை சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.