பன்னிரண்டு பொன்னாடையா?

கேள்வி: எங்கள் வர்த்தகர் சங்க ஆண்டிறுதி ஒன்றுகூடலில் சமூக சேவையாளர் பன்னிரண்டு பேரைக் கௌரவிக்கப் போகிறோம். போன வருடம் பாதிப் பேர் சாப்பிடாமலே போய்விட்டார்கள். என்ன செய்யலாம்? – வாசகர், ஹட்டன்

பதில்: ஐவர் போதும். அறிமுகம், பொன்னாடை, சின்னம், படம் என ஆளுக்கு 4 நிமிடம் பிடித்தாலே பன்னிரண்டு பேருக்கு 48 நிமிடம், தலைவர் உரை தனி (அதை யார் அடக்குவது!). "அரும்பணி ஆற்றியவர்" என்று வாசிக்காதீர்கள். "தோட்டத்து லய வீட்டுக் கூரை பறந்தபோது தகரம் சேர்த்துக் கொடுத்தவர்" என்றால் சபை நிமிரும். பெயரையும் தலைப்பெழுத்தையும் அவரிடமே எழுதி வாங்குங்கள். பொறித்தபின் திருத்துவது கஷ்டம். 10ஆம் திகதியை ஒட்டி வேண்டாம், தோட்டச் சம்பளம் வாங்கி வருவோர் கூட்டத்தில் கடையை விட்டு யாரும் வரமாட்டார்கள். டிசம்பர் பௌர்ணமி விடுமுறையான உந்துவப் போயா வசதி. ஆனால் அன்று இறைச்சிக் கடை பூட்டு. கோழியை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.