எந்த நாட்டை அடைப்பது? வீட்டு பயர்வோல் பற்றி வன்னியிலிருந்து வந்த கேள்விகள்

கிளிநொச்சியில் கமராவும் நெட்வேர்க்கும் பூட்டிக் கொடுப்பது என் தொழில். ஒரு வீட்டில் ரவுட்டரின் பதிவேட்டை, அதாவது வெளியிலிருந்து யார் யார் இணைய முயன்றார்கள் என்ற குறிப்பை, திறந்து காட்டியதுதான் தாமதம், "வெளிநாட்டு ஆட்களை அடைக்கிறது எப்படி?" என்று கேட்டு வட்ஸ்அப் நிரம்பிவிட்டது. பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பயர்வோல் என்றால், எந்த இணைப்பை விடுவது, எதை மறிப்பது என்று பார்க்கிற காவல். வீட்டில் அது பெரும்பாலும் ரவுட்டருக்குள்ளேயே இருக்கும்.

பரந்தன்: தம்பி, வீட்டைச் சுற்றி நாலு கமரா இருக்கு. சுவிஸில் இருக்கும் மகன் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வருகிற வாசல்) திறந்து விட்டிருக்கிறோம். பதிவேட்டைப் பார்த்தால் சீனா, ரஷ்யா, பிரேசில் என்று இரவு பகலாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தெந்த நாட்டை அடைக்க வேண்டும்?

ஐயா, அது உங்கள் வீட்டைத் தேடி வந்த ஆள் இல்லை. இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. பழைய முறை ஐபி முகவரிகள், அதாவது ஐபிவி4, உலகம் முழுக்கச் சேர்த்தே சுமார் 430 கோடிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட இசட்மேப் என்ற மென்பொருள், நல்ல வேகமான இணைப்பு இருந்தால் அத்தனை முகவரியையும் 45 நிமிடத்துக்குள் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடும். இன்று அப்படித் தட்டுகிற இயந்திரங்களுக்குக் கணக்கில்லை. அந்த வரிசையில் பரந்தனும் வரும், பாரிஸும் வரும்.

தட்டினால் தட்டிவிட்டுப் போகட்டும். வீட்டு ரவுட்டர், உள்ளேயிருந்து நாங்கள் கேட்காத எதையும் சாதாரணமாக உள்ளே விடாது. போர்ட் ஒன்றும் திறக்காத வீட்டில் நாடு நாடாக அடைப்பது, படலையே இல்லாத மதிலுக்குக் காவலாள் வைப்பதுபோல.

உங்கள் வீட்டில் படலை திறந்திருக்கிறது. அதுவும் கமராப் பெட்டிக்கு நேரே! அந்தப் பெட்டிகளின் பழைய கதை நல்லதில்லை. 2016இல் மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலையில் போட்டுவிட்ட அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் சோடிகளை மட்டும் முயன்றே ஏராளமான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்த வருடம் ஒக்டோபர் 21ஆம் திகதி அது டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. 2021 செப்டெம்பரில் ஹிக்விஷன் கமராக்கள் பலவற்றில் ஒரு ஓட்டை வெளியானது. அதற்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. ஆகவே "நான் பெரிய கடவுச்சொல் போட்டிருக்கிறேன்" என்பது மட்டும் போதாது.

இப்போது உங்கள் கேள்வி. உலகத்தில் இருநூறுக்குக் கிட்ட நாடுகள். உங்கள் கமராவைப் பார்க்க வேண்டிய ஆட்கள் இரண்டே நாட்டில்: இலங்கை, சுவிஸ். அந்த இரண்டையும் விடச் சொல்லி ஒரு விதி எழுதினால் மிச்சமெல்லாம் தானாக அடைபடும். சீனாவையும் ரஷ்யாவையும் மட்டும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் வாடகைக்கு எடுத்த சேர்வர்களிலிருந்து வருகிற தட்டல் அவர்கள் பதிவேட்டில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். என் வீட்டுப் பதிவேட்டில் இலங்கை முகவரிகளும் வருகின்றன. நச்சு பிடித்த யாரோ ஒருவருடைய கமராவாக இருக்கும்.

கமராவுக்குப் போர்ட்டே திறக்காத வழியும் இருக்கிறது. கீழே முறிகண்டித் தங்கச்சிக்குச் சொல்லியிருக்கிறேன், அதையும் பாருங்கள்.

விசுவமடு: அண்ணை, மைக்ரோடிக் ரவுட்டரில் நாட்டு ஐபிப் பட்டியல் இறக்கி சீனாவை அடைத்தேன். அன்றிலிருந்து சுவிஸ் அண்ணனுக்குக் கமரா வேலை செய்யவில்லை. சீனா தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

நீங்கள் இறக்கியது சிஎச் பட்டியல், சரியா? இரண்டெழுத்து நாட்டுக் குறியீட்டில் சிஎச் என்பது சுவிஸ். அவர்களுடைய நாட்டின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. சீனா சிஎன். நீங்கள் அண்ணனை அடைத்துவிட்டுச் சீனாவை விட்டிருக்கிறீர்கள்.

இன்னும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை எல்கே. எஸ்எல் என்று போட்டால் அது சியரா லியோன், உங்களையே வெளியில் விட்டுவிடும். ஏயு அவுஸ்திரேலியா, ஏடி ஒஸ்திரியா.

அறிவியல் நகர், பொறியியல் மாணவர்: பழைய கணினி ஒன்றில் இரண்டு நெட்வேர்க் கார்ட் போட்டு ஓபிஎன்சென்ஸ் என்ற பயர்வோல் மென்பொருளை ஏற்றியிருக்கிறேன். ஒரு ஐபி எந்த நாடு என்று பயர்வோலுக்கு எப்படித் தெரிகிறது? அதை எவ்வளவு நம்பலாம்?

நல்ல கேள்வி தம்பி. ஐபிக்குள் நாடு எழுதியிருக்காது. உலகத்தில் ஐந்து பிராந்தியப் பதிவகங்கள் முகவரிகளைப் பங்கிடுகின்றன. எங்கள் பக்கத்துக்கு பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக். எந்தத் தொகுதி எந்த நாட்டு நிறுவனத்துக்குப் போனது என்ற பட்டியலை அவை வெளியிடுகின்றன. மேக்ஸ்மைண்ட் போன்றவர்கள் அதோடு வேறு தகவல்களையும் சேர்த்துத் தங்கள் தரவுத்தளத்தைச் செய்கிறார்கள். ஓபிஎன்சென்ஸில் அலியாஸ் பகுதியில் ஜியோஐபி வகையைத் தெரிவு செய்து மேக்ஸ்மைண்டின் இலவச ஜியோலைட்2 பட்டியலை இணைக்கலாம். 2019 டிசம்பர் 30 முதல் அதற்குக் கணக்குத் திறந்து சாவி எடுக்க வேண்டும். யூடியூபில் உள்ள பழைய காணொளிகள் இதைச் சொல்லாது.

நம்பகத்தன்மையா? வாகனத்தின் பழைய நம்பர் தகட்டில் என்பி என்று போட்டிருக்கும் இல்லையா? வாகனம் வடக்கில் பதியப்பட்டது என்று அர்த்தம். அது இப்போது காலியில் ஓடுகிறதா, ஓட்டுகிறவர் யார் என்பதைத் தகடு சொல்லாது. ஐபியும் அப்படித்தான். ஐபிவி4 முகவரிகள் தட்டுப்பாடான பிறகு தொகுதி தொகுதியாகக் கைமாறுகின்றன, நாடு விட்டு நாடும் போகின்றன. ஆகவே ஒருமுறை இறக்கிய பட்டியலை வருடக்கணக்கில் வைத்திருக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது தானாகப் புதுப்பிக்க விடுங்கள்.

நாடு பெரும்பாலும் சரியாக வரும். ஊர் வராது. நீங்கள் அறிவியல் நகரில் இருந்து பார்த்தாலும் கொழும்பு என்று காட்டலாம். அமெரிக்காவில் இடம் தெரியாத முகவரிகளுக்கு எல்லாம் மேக்ஸ்மைண்ட் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியை வைத்திருந்தது. அந்தப் புள்ளி கன்சாஸில் ஒரு பண்ணை வீட்டில் விழுந்தது. 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகளுக்கு அந்த ஒரு வீடு! திருடனைத் தேடிப் பொலிஸும் ஏமாந்தவர்களும் வருடக்கணக்காக அந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். 2016இல் செய்தியான பிறகுதான் புள்ளியை மாற்றினார்கள்.

விபிஎன், அதாவது வேறு இடத்துச் சேர்வர் வழியாகச் சுற்றிப் போகிற பூட்டிய குழாய், போட்டவரை இந்தப் பட்டியல் பிடிக்காது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் பேஸ்புக்கை நிறுத்தியபோது நாங்களே விபிஎன் போட்டுச் சிங்கப்பூர்க்காரர் ஆனோம்தானே? எங்களுக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்தது தாக்குகிறவனுக்கும் முடியும். இது கூட்டத்தைக் குறைக்கும், குறிவைத்து வருகிறவனை நிறுத்தாது.

மல்லாவி: எங்களிடம் சிம் போடுகிற 4ஜி ரவுட்டர்தான். அதில் நாட்டை அடைக்கிற இடத்தைக் காணவில்லை.

தேட வேண்டாம். அநேகமாக உங்களுக்கு அது தேவையே இல்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்பக்க ஐபி என்ன என்று பாருங்கள். அது 100.64 தொடக்கம் 100.127 வரையுள்ள ஒன்றாகவோ 10இல் தொடங்குவதாகவோ இருந்தால், நீங்கள் பல வீடுகளோடு சேர்ந்து ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். வேறு எண்ணாக இருந்தாலும், உங்கள் ஐபியைக் காட்டுகிற இணையத்தளம் ஒன்று காட்டுவதோடு பொருந்தாவிட்டால் அதே கதைதான். 4ஜியில் பெரும்பாலும் இப்படித்தான் தருகிறார்கள், ஸ்டார்லிங்க் சாதாரண இணைப்பும் அப்படியே. வெளியிலிருந்து யாரும் ஐபிவி4 வழியாக நேரே உங்கள் வீட்டுக்கு வர முடியாது. போர்ட் திறந்து வைத்தாலும் வேலை செய்யாது. "போர்ட் போர்வேர்ட் போட்டும் கமரா வெளியில் தெரியவில்லை" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

முறிகண்டி: அண்ணா, சித்தி கனடா, மாமா பிரான்ஸ், அக்கா லண்டன். விடுமுறைக்கு வேறு வேறு நாடுகளுக்கும் போவார்கள். அம்மா தனியாக இருப்பதால் எல்லோரும் கமரா பார்க்கிறார்கள். எத்தனை நாட்டைத்தான் விடுவது?

தங்கச்சி, உங்கள் வீட்டுக்கு நாட்டுக் கணக்கு சரிவராது. அக்கா ஸ்பெயினுக்குச் சுற்றுலா போன அன்று இரவு உங்களுக்குப் போன் வரும்.

நீங்கள் வயர்கார்ட் போடுங்கள். அது ஒரு விபிஎன், போனிலிருந்து உங்கள் வீட்டுக்கே பூட்டிய குழாய் போடும். 2020 மார்ச்சிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே இருக்கிறது. மைக்ரோடிக்கின் 7ஆம் பதிப்பிலும் ஓபிஎன்சென்ஸிலும் வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி செய்து கியூஆர் படமாக அனுப்பினால் போனில் ஸ்கேன் செய்துகொள்வார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சரியான சாவி இல்லாமல் தட்டுகிறவனுக்கு அது பதிலே சொல்லாது. அங்கே ஒரு கதவு இருப்பதே தட்டியவனுக்குத் தெரியாது. கமரா போர்ட்டை மூடிவிட்டு இந்த ஒரு யுடிபி போர்ட்டை மட்டும் திறந்தால் போதும், நாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. யாருடைய போனாவது தொலைந்தால் அந்தச் சாவியை மட்டும் அழித்துவிடலாம். மல்லாவிக்காரர் மாதிரிப் பொது முகவரியைப் பகிர்கிற வீடு என்றால் டெயில்ஸ்கேல். அதுவும் வயர்கார்ட்டில் கட்டியதுதான், உள்ளேயிருந்து வெளியே போய் இணைவதால் போர்ட் தேவையில்லை.

சித்திக்கு வயது போய்விட்டது, இதெல்லாம் ஏலாது என்பீர்கள். கனடாவில் அவரது பேரப்பிள்ளை ஐந்து நிமிடத்தில் போட்டுக்கொடுக்கும்.

புதுக்குடியிருப்பு: என் கமரா தானே சீனாவோடு பேசுகிறது. வெளியே போகிற பக்கம் சீனாவை அடைத்தால் என்ன?

கமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்ப்பவர் என்றால், அது போய்ப் பேசுகிற சேர்வர் சீனாவில் இருந்தால் செயலி செத்துவிடும். சேர்வர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தால் நீங்கள் அடைத்ததில் ஒன்றும் மாறாது. கமராவைத் தனி வலையில் போட்டு, அதிலிருந்து வெளியே போவதை மொத்தமாக நிறுத்துங்கள். நேரம் சரிபார்க்க மட்டும் விடலாம். பிறகு முறிகண்டி வழி.

வெளியே போகிற பக்கம் நாடு அடைப்பதில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். புதிதாகப் படித்த காலத்தில் என் வீட்டில் ஏழெட்டு நாட்டைத் தவிர எல்லாவற்றையும் வெளிப்பக்கம் அடைத்தேன். வட்ஸ்அப் வேலை செய்ய வேண்டுமே என்று அமெரிக்காவை விட்டிருந்தேன், கெட்டிக்காரன் என்ற நினைப்பு. ஒரு இணையத்தளமும் திறக்கவில்லை. இரவு ஒரு மணி வரை வயரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் பார்த்தால், தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ்ஸுக்கு 1.1.1.1 போட்டிருக்கிறேன். சேவை நடத்துவது அமெரிக்கக் கிளவுட்பிளேர். ஆனால் அந்த முகவரி ஏப்னிக்கின் பெயரில் இருப்பதால் பட்டியலில் அவுஸ்திரேலியா! கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற சேர்வர் பதில் சொன்னாலும் தகட்டில் அவுஸ்திரேலியாதான். பெரிய தளங்கள் எல்லாம் இப்படித்தான் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. வெளிப்பக்கத்தில் நாட்டு விதி வீட்டுக்கு வேண்டாம்.

ஒட்டுசுட்டான், ஆசிரியை: பிள்ளைகள் கண்ட தளங்களுக்கும் போகாமல் இருக்க நாடுகளை அடைக்கலாமா?

இல்லை ரீச்சர். கண்ட தளங்களும் நல்ல தளங்களும் ஒரே நாட்டில், சில வேளை ஒரே ஐபியில் இருக்கின்றன. ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை 1.1.1.3 என்று மாற்றுங்கள். ஆபாசத் தளங்களையும் நச்சுத் தளங்களையும் அது வடிகட்டும். கெட்டிக்காரப் பிள்ளை சுற்றிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

வவுனியா, கடை: கணக்குப் பார்க்கிற தம்பி வீட்டிலிருந்து வேலை செய்யக் கடைக் கணினியின் ரிமோட் டெஸ்க்டொப்பைத் திறந்து வைத்திருக்கிறோம். இலங்கைக்கு மட்டும் விட்டால் போதும்தானே?

போதாது. ரிமோட் டெஸ்க்டொப் வருகிற 3389ஆம் போர்ட்டை இன்றே மூடுங்கள். கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கிற கும்பல்கள் முதலில் தேடுகிற வாசல்களில் அதுவும் ஒன்று. இலங்கைக்கு மட்டும் விட்டாலும், நச்சு ஏறிய ஒரு உள்ளூர்க் கணினி போதும். கணக்குத் தம்பிக்கும் வயர்கார்ட். கணக்கின் பிரதியை வயர் கழற்றி வைக்கிற டிஸ்க்கில் எடுங்கள்.

ஓமந்தை: ஃபைபர் வந்துவிட்டது, புது முறை ஐபியான ஐபிவி6உம் வருகிறது. விதி அதற்கும் பொருந்துமா?

தனியாக எழுத வேண்டும். பட்டியலும் வேறு. ஐபிவி4 பக்கம் எல்லாம் அடைத்துவிட்டு ஐபிவி6இல் கமராவை உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டை நானே திருத்தினேன். ரவுட்டரின் ஐபிவி6 பயர்வோல் இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

முல்லைத்தீவு: அண்ணை, வைத்தியத்துக்கு அம்மாவோடு சென்னை வந்திருக்கிறேன். வீட்டு மைக்ரோடிக்கில் இலங்கைக்கு மட்டும் அனுமதி போட்டிருந்தேன். இப்போது நானே வெளியில் நிற்கிறேன்.

அம்மா சுகமாகட்டும். வீட்டில் ஒரு கணினி இருந்தால் தம்பியை அதில் உட்காரவைத்து எனிடெஸ்க் என்ற தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருளைத் திறக்கச் சொல்லுங்கள். அது உள்ளேயிருந்து போவதால் உங்கள் விதி மறிக்காது. உள்ளே போனதும் மைக்ரோடிக்கை நிர்வகிக்கிற வின்பொக்ஸில் சேஃப் மோட் பொத்தானை அழுத்திவிட்டு விதியை மாற்றுங்கள். மாற்றும்போது வின்பொக்ஸுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால் ரவுட்டர் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வயர்கார்ட் போர்ட்டுக்கான விதியை நாட்டு விதிக்கு மேலே வையுங்கள், சென்னையிலிருந்தும் வரலாம். எல்லாம் சரி என்று பார்த்த பிறகு சேஃப் மோடை விட மறக்காதீர்கள். விடாமல் இணைப்புப் போனால் செய்ததெல்லாம் அழிந்து, தம்பியைத் திரும்பவும் எழுப்ப வேண்டி வரும்.