இறாலின் கண்காம்பில் இருக்கும் தடை

கேள்வி: பண்ணை இறால் முட்டையிடுவதற்காக அதன் கண்ணை வெட்டுகிறார்கள் என்று படித்தேன். சேலத்தில் நாங்கள் வாங்கும் இறாலுக்கு இரண்டு கண்களும் இருக்கின்றனவே? கண்ணுக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு? மரபணு ஆராய்ச்சியால் இதைத் தவிர்க்க முடியாதா?
– கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கடைக்கு வருபவை சில மாதங்களே குளத்தில் வளர்ந்து, சினைப்பருவம் எய்தும் முன்பே பிடிக்கப்படுபவை. கண் வெட்டப்படுவது குஞ்சு பொரிப்பகத்தின் தாய் இறாலுக்கு மட்டுமே. அதுவும் வழக்கமாக ஒரு கண்ணுக்குத்தான்.

இறாலின் கண்ணைத் தாங்கி நிற்கும் கண்காம்பு பார்வைக்கு மட்டும் உரியதன்று; அதனுள் இருக்கும் நரம்புச் சுரப்பிகள், சூலக வளர்ச்சியை அடக்கிவைக்கும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றன. ஏற்காட்டுக் காப்பிச் செடியில் மொட்டுகள் உருவாகியும் கோடை மழைக்காக மலராமல் காத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். இங்கும் ஆற்றல் இல்லாமலில்லை, தடைதான் இருக்கிறது. காம்பை நீக்கினால் சூலகம் முதிர்கிறது என்பதைப் பானூஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1943-இலேயே காட்டினார். தடை குறைந்ததும், முட்டையின் மஞ்சள்கருவுக்கு மூலமான வைட்டெல்லோஜெனின் என்ற புரதத்திற்குரிய மரபணு கல்லீரல்-கணையச் சுரப்பியிலும் சூலகத்திலும் மும்முரமாக இயங்கத் தொடங்குகிறது. பருத்த சூலகம் முதுகு ஓட்டின் வழியே வெளியில் தெரியும்.

ஆனால் தோலுரிப்பையும் இரத்தச் சர்க்கரையையும் ஆளும் ஹார்மோன்களும் அதே காம்பிலிருந்துதான் வருகின்றன. ஒரு விளக்கை அணைக்க வீட்டின் மின்னிணைப்பையே துண்டிப்பது போன்ற இம்முறையில் தாய் இறால் நலிவதும், போகப்போக முட்டையின் தரம் குறைவதும் வியப்பன்று.

அந்த ஒரு ஹார்மோனின் மரபணுச் செய்தியை மட்டும் அடக்கும் ஈரிழை ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் கறுப்பு வரி இறாலுக்குச் செலுத்தியபோது, கண்ணை வெட்டாமலேயே சூலகம் முதிர்ந்தது. இது மரபணுவை மாற்றுவதன்று. அதன் பேச்சைச் சிறிது காலம் நிறுத்திவைப்பது. ஒவ்வொரு தாய்க்கும் ஊசி போடவேண்டியிருப்பதால், பொரிப்பகங்களுக்கு இது உடனே கைகொடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது தேர்ந்தெடுத்து இனம்பெருக்கும் பழைய வழியே. 2009 முதல் இந்தியாவில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட வனாமி என்ற இறால் வகை, பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே பெருக்கப்பட்டது. ஆகவே கடலிலிருந்து பிடித்துவரும் கறுப்பு வரி இறாலைவிட எளிதில் சினைப்படுகிறது. சில நாடுகளில் பொரிப்பகங்கள் கண்ணை வெட்டாமலேயே அதைப் பெருக்குகின்றன. அப்போது முட்டையிடும் இடைவெளி நீள்வதால், கூடுதல் தாய் இறால்களையும், கணவாய், கடற்புழு போன்ற ஊட்டமான இரையையும் வைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.