ஊசி நூல் பதில்கள்: வாயில்லாச் சீவன்களுக்கு என்ன தைக்கலாம்?

போன இதழில் ஆண்கள் இடுப்பில் உடுத்துகிற பழைய சாரங்களைப் பற்றி எழுதியபோது, நாய் பூனைகளை வைத்துப் பராமரிக்கும் இடங்களுக்கும் கொடுக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே. சரி, இந்த முறை அது மட்டும்தான். சட்டைக் கழுத்து வெட்டுவது பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர், நாங்கள் சில பெண்கள் சேர்ந்து நாய்களுக்கு வெல்வெட் துணியில் பஞ்சு அடைத்து, ஓரத்தில் லேஸ் வைத்து மெத்தைகள் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கியவர்களின் முகத்தில் சந்தோஷமே இல்லை. அடுத்த முறை போனபோது மெத்தைகள் ஒரு மூலையில் கிடந்தன. என்ன குறை?
— வாசகி, உவர்மலை

தையலில் ஒரு குறையும் இருந்திருக்காது. ஆனால் அங்கே துணி துவைக்கிறவரை ஒருநாள் பக்கத்தில் நின்று பாருங்கள், விளங்கிவிடும். குட்டி ஒன்று காலையில் விரிப்பை நனைக்கும். மத்தியானம் அதிலேயே வாந்தி எடுக்கும். பின்னேரம் இன்னொன்று வந்து கடித்து இழுக்கும். அத்தனையையும் தொட்டியில் ஊறவைத்து, அலசி, கொடியில் போட்டு, பொழுதுபடுவதற்குள் திரும்ப விரிக்க வேண்டும். பஞ்சு மெத்தை தண்ணீர் குடித்தால் ஒரு ஆளால் தூக்க முடியாது. கச்சான் காற்று அடிக்கிற காலத்திலேயே அதன் உள்பக்கம் லேசில் காயாது. மாரியில் கேட்கவே வேண்டாம், பூஞ்சணம்தான். அதோடு, நாய் மெத்தையைக் கிழித்துப் பஞ்சை விழுங்கினால் குடல் அடைத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. குட்டிகள் இருக்கிற இடத்தில் எல்லோரும் பயப்படுவது, குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகிற பார்வோ வைரசுக்கு. நோய்ப்பட்ட நாய் போன பிறகும் அது தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் தங்கி இருக்கும். வெறும் சவர்க்காரத்துக்கு அடங்காது. ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் விட்டு ஊறவைத்தால்தான் அழியும். ஆகவே நீங்கள் கொடுப்பது எதுவானாலும் பிளீச்சைத் தாங்க வேண்டும். பட்டும் ஆட்டுக் கம்பளியும் பிளீச்சில் நைந்து கரைந்தே போகும்.

இதற்கெல்லாம் சாரத்தை விட்டால் வேறு துணி இல்லை என்பது என் கட்சி. மூட்டிய தையலைப் பிரித்து விரித்து, நாலாக மடியுங்கள். ஊர் நாய் ஒன்று சுருண்டு படுக்கத் தாராளமாகப் போதும். நாலு ஓரமும் இரட்டைத் தையல். பிறகு மூலைக்கு மூலை ஒரு பெரிய பெருக்கல் அடையாளம் மாதிரித் தையுங்கள். அது அழகுக்கு இல்லை. அது இல்லாவிட்டால் துவைக்கும்போது உள்மடிப்பு சுருண்டு ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். நடுவில் பழைய துவாய் ஒன்று வைக்கலாம், இரண்டு வேண்டாம். தெறி, சிப், லேஸ், மணி எதுவுமே வேண்டாம்.

அந்த மெத்தைகளைத் திருப்பிக் கேட்க வெட்கப்படாதீர்கள். பஞ்சை எடுத்துவிட்டு உறையைத் தட்டையாகத் தைத்துக் கொடுத்தால் அடுத்த நாளே விரிப்பார்கள்.

எனக்குக் குரோஷே நன்றாக வரும். பூனைக்குட்டிகளுக்குக் குஞ்சம் வைத்த போர்வையும், வால் நீண்ட நூல் எலிகளும் பின்னி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?
— வாசகி, கிண்ணியா

குஞ்சத்தையும் வாலையும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.

பூனை நூலோடு விளையாடுகிற படம் எல்லா வீட்டுக் கலண்டரிலும் இருக்கிறது. மிருக வைத்தியர்களுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே பிடிக்காது. உங்கள் வீட்டுப் பூனை கையை நக்கும்போது அரம் மாதிரிச் சுரசுரக்கும் அல்லவா? நாக்கில் இருக்கிற அந்த முட்கள் எல்லாம் தொண்டைப் பக்கம் பார்த்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்பப் பூனையால் முடியாது, விழுங்கத்தான் முடியும். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பை வாயிலிலோ மாட்டிக்கொள்ளும், மிச்சம் குடலுக்குள் போகும். குடல் அதைக் கீழே தள்ளத் தள்ள, பாவாடைக்குச் சுருக்கு வைக்க நூலை இழுக்கும்போது துணி கூடுகிற மாதிரிக் குடல் நூலின் மேல் ஏறிச் சுருங்கும். நூல் இறுகி, கடைசியில் குடலையே அறுத்துவிடும். பூனையின் வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுத்துவிடாதீர்கள், வெட்டி எடுக்கவும் பார்க்காதீர்கள். அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

போர்வை பின்னுவதென்றால் அக்ரிலிக் நூலில், சிறிய ஊசியால், நெருக்கமாகப் பின்னுங்கள். உங்கள் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை இருந்தால் குட்டியின் நகமும் நுழையும். நூல் முனையை வெட்டி முடிச்சுப் போட்டு விடாமல், பின்னலுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டி மறைத்துவிடுங்கள். வெள்ளை அல்லது வெளிர் நிறம் எடுத்தால் பிளீச் பட்டாலும் திட்டுத்திட்டாகத் தெரியாது.

உண்மையைச் சொன்னால், போர்வையை விட அவசரமாகத் தேவைப்படுவது ஒன்று இருக்கிறது: சுடுதண்ணீர்ப் போத்தலுக்கு உறை. தாயை இழந்த குட்டிக்குப் பிறந்த முதல் சில வாரங்களில் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. உடம்பு குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுத்தாலும் செமிக்காது, முதலில் சூடு வேண்டும். ஒரு லீட்டர் பிளாஸ்டிக் போத்தலில் பதமான சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைப்பார்கள். சுற்றிய துணி அவிழ்ந்தால் குட்டிக்குத் தோல் வெந்துவிடும். நீங்கள் இரட்டைப் பின்னலில் இறுக்கமான உறை ஒன்று பின்னி, வாய்ப்பக்கம் மடிந்து உள்ளே சொருகுகிற மாதிரிச் செய்தால் அவிழ வழியில்லை. நாடா வேண்டாம். பெட்டியின் மற்றப் பாதி சூடில்லாமல் இருக்க வேண்டும், குட்டி வேண்டுமானால் விலகிப் போகட்டும்.

கிழிந்த தங்கூசி வலை, அதுதான் மெல்லிய நைலோன் இழை மீன்வலை, நிறையக் கிடக்கிறது. நாய்களுக்குத் தொட்டில், கூண்டுக்குத் தட்டி என்று ஏதாவது பின்னலாமா?
— வாசகர், திருக்கடலூர்

வேண்டவே வேண்டாம். கால் மாட்டினால் இழுக்க இழுக்க இறுகும், கடித்து விழுங்கினால் மேலே சொன்ன நூல் கதைதான், இன்னும் மோசமாக. தடித்த நூல் வலை இருந்தால், குட்டிகள் விடுகிற முற்றத்துக்கு மேலே, எட்டாத உயரத்தில், தொய்வில்லாமல் இழுத்துக் கட்டிக் கொடுக்கலாம். காகம் கொத்த வராது.

நான் குழாய் வேலை செய்பவன். ஊசி பிடிக்கத் தெரியாது. மிச்சம் விழுகிற பீ.வீ.சீ. குழாய்த் துண்டுகளில் ஏதாவது செய்யலாமா?
— வாசகர், பாலையூற்று

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும். நாய்க்குக் கட்டில் செய்யுங்கள். சீமெந்துத் தரை மழைக்காலத்தில் ஈரம், கழுவிவிட்டால் எப்போதும் ஈரம். வயதான நாய்க்கு அதில் படுத்துப் படுத்து முழங்கை காய்த்து, புண்ணாகிவிடும். தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்ந்தால் அடியால் காற்று ஓடும், தண்ணீரும் ஓடும்.

மூன்றடிக்கு இரண்டடி சட்டம், நாலு கால். மூன்று வாய் மூலை எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஒரு ரீயும் ஒரு எல்போவும் போட்டுச் சமாளிப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே இழுத்துக் கட்ட நம் ஊரில் குறைவில்லாத பொருள் ஒன்று உண்டு: பெனர். தேர்தல் முடிந்த பெனர், கடைத் திறப்பு பெனர், எல்லாம் கிழியாத நல்ல சரக்கு. கேட்டு வாங்கி, இரண்டாக மடித்து, குழாய் நுழைகிற அளவுக்கு ஓரத்தைத் திருப்பி, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தால் நைலோன் நூலில் அடித்துத் தருவார். தண்ணீர் வடிய நடுவில் சில ஓட்டைகள் போடுங்கள். அச்சடித்த பக்கம் உள்ளே மடியட்டும். வேட்பாளரின் முகத்தில் நாய் படுத்தால் அதற்கும் ஒரு பிரச்சினை கிளம்பும். கண்டதையும் கடிக்கிற குட்டிகளுக்கு இந்தக் கட்டில் சரிவராது, பெரிய நாய்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அம்மாவின் வொயில் சேலைகள் அலுமாரியில் நப்தலீன் உருண்டை போட்டு வைத்திருக்கிறோம். அப்படியே கொடுக்கலாமா?
— வாசகி, லிங்கநகர்

வொயில் நல்ல துணி, சீக்கிரம் காயும். ஆனால் நப்தலீன் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. மணம் முழுதாகப் போகும்வரை துவைத்து வெயிலில் போடுங்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று டெட்டோலில் அலசாதீர்கள், பூனைகளுக்கு அது ஆகாது. சரிகை வைத்த சேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருப் பெட்டை நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார்கள். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு அது எல்லா இடத்திலும் முட்டுகிறது. துணியில் ஏதாவது தைக்க முடியுமா?
— வாசகி, சாம்பல்தீவு

முடியும். தையல் பிரிகிற வரை, பத்துப் பதினாலு நாள், காயத்தை நக்க விடக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய பருத்தி ரீசேர்ட் ஒன்று எடுங்கள். கழுத்தால் தலை, கைகளால் முன்னங்கால்கள். கீழ் விளிம்பை வயிற்றுக்கு இறுக்கமாகப் பிடித்து, மிச்சத் துணியை முதுகின் மேல் கூட்டி, வாலுக்கு முன்னாலேயே மென்மையான பட்டியால் கட்டுங்கள். பின்னால் இறங்கினால் சிறுநீர் படும். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், ஆகவே ஒரு நாய்க்கு மூன்று சட்டையாவது தேவை. பூனைக்கென்றால் லெக்கின்ஸின் ஒரு கால் போதும், முன்னங்கால்களுக்கு இரண்டு துளை, பின்னங்கால்களுக்கு இரண்டு அரைவட்டம். ஆண் நாயின் காயம் இன்னும் பின்னால் இருக்கும், அங்கே சட்டை எட்டாது. கூம்புதான். எதற்கும் வெட்டிய வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

நாங்கள் ஒன்பதாம் ஆண்டு மாணவிகள். திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கிற மான்களுக்கு மழைக்காலத்தில் போர்வை தைத்துக் கொடுக்க ஆசை.
— அலஸ்தோட்டம்

மானுக்குப் போர்வை வேண்டாம், பிள்ளைகள். தெருவில் நடந்தாலும் அது காட்டுப் பிராணி. எதைக் கட்டினாலும் பயந்து ஓடிக் கம்பியில் மாட்டும்.

ஆனால் மானுக்காகத் தைக்க ஒன்று உண்டு: பை. சோற்று மணமும் உப்பும் ஒட்டிய சொப்பிங் பையை மான் பையோடு தின்கிறது. மான் அசைபோடும் பிராணி. விழுங்கின பொலித்தீன் முதல் இரைப்பையிலேயே தங்கிவிடும். சேரச் சேர வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், புல் மேயாது, மெலிந்து செத்துப்போகும். சோறு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017 செப்டெம்பரில் தடைசெய்தார்கள், ஆனாலும் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரை நடந்து பாருங்கள், காற்றில் எத்தனை பை உருள்கிறது என்று. தையற்கடையில் வெட்டுத்துண்டு வாங்கி, ஒரு தேங்காயும் வாழைப்பழமும் அடங்குகிற அளவில் பை தைத்து, அர்ச்சனைச் சாமான் விற்கிற கடைகளில் கொடுங்கள். பிடி பிய்ந்தால் ஆட்கள் மறுபடி சொப்பிங் பை கேட்பார்கள், அதனால் பிடி தைக்கிற இடத்தில் சதுரம் அடித்து அதற்குள் ஒரு பெருக்கல்.

தைத்ததை எப்போது, எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது?
— வாசகி, மனையாவெளி

வாடைக்காற்று தொடங்க முன், ஒக்டோபருக்குள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை கொடியில் போட்டது காயாது, மாற்று விரிப்பு இருக்கிற இடம்தான் தப்பும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நமக்கு வடக்கே கரையேறியபோது எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டினோம் என்று நினைத்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கடதாசிப் பெட்டியில் அடுக்குங்கள், பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் புழுங்கிவிடும். பெட்டிக்கு வெளியே அளவை எழுதுங்கள்.

போக முன் ஒரு போன் எடுத்து, கூண்டு எத்தனை அங்குலம், இப்போது எது இல்லை என்று கேளுங்கள். ‘துணி போதும், அரிசிதான் இல்லை’ என்று சொன்னால் அரிசியே வாங்கிக் கொடுங்கள். நாய்ச் சோற்றுக்குச் சம்பா வேண்டாம், குறுணல் போதும்.