அந்தக் கரடி பொம்மை யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 57. மகனும் மகளும் வேலைக்காக வெளியூர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அடுத்த மாதம் சின்ன வீட்டுக்கு மாறுகிறோம். பரணில் மூன்று பெட்டி நிறைய பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள், ஹாலில் ஷோகேஸ் நிறைய அலங்காரப் பொம்மைகள். எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். மூன்று முறை உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். மகளின் ஒற்றைக் காது கரடியைக் கையில் எடுத்ததும் அழுகையே வந்துவிட்டது. நான் என்ன செய்ய?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒன்று. உங்களிடம் மன உறுதி இல்லாமல் போகவில்லை. ஆரம்பித்த இடம்தான் தப்பு. வீட்டை ஒழிக்கும்போது நினைவுப் பொருட்களைக் கடைசியில்தான் தொட வேண்டும். இந்த வேலையில் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய ஜப்பானியப் பெண்மணி மரி கோண்டோ ஒரு வரிசை சொல்வார்: துணி, புத்தகம், காகிதம், மற்ற சாமான்கள், எல்லாம் முடிந்தபின் நினைவுப் பொருட்கள். பழைய ரசீதையும் போடாத துணியையும் கழித்துக் கழித்துக் கை பழகியிருக்கும். அப்புறம் பரணுக்கு ஏறுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ‘வைப்பதா, கொடுப்பதா’ என்று கேட்டால் மனசு ‘வை’ என்றுதான் சொல்லும். 1990-ல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வகுப்பில் பாதி மாணவர்களுக்கு ஆளுக்கொரு காபி கோப்பை கொடுத்து, விற்பதானால் என்ன விலை என்று கேட்டார்கள். மீதிப் பேரிடம், வாங்குவதானால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். கோப்பை வைத்திருந்தவர்கள் சொன்ன விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கைக்கு வந்து கொஞ்ச நேரமே ஆன கோப்பைக்கே இந்தப் பாசம் என்றால், உங்கள் பெட்டிகளில் இருப்பது இருபத்தைந்து வருடம். கை தயங்கத்தானே செய்யும்?

அதனால் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். ‘இது யாருக்கு?’ என்று கேளுங்கள். வாங்கிக்கொள்ளும் முகம் கண்முன் வந்துவிட்டால் கை தானாக நீளும். என் மகனின் மரக் கட்டைகளைப் பல வருடம் மூட்டையாகவே வைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பையன் தீப்பெட்டிகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றுதான் மூட்டையை இறக்கினேன். சோப்புத் தண்ணீரில் ஒவ்வொரு கட்டையாகத் துடைத்துக்கொண்டே வந்தபோது, ஒரு நீலக் கட்டையின் மூலையில் வரிசையாகச் சின்னச் சின்ன பல் தடம். என் மகனுக்கு முதல் பல் முளைத்த காலத்தது. அந்த ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அந்தப் பையனிடம் கொடுத்துவிட்டேன். ஒரு கட்டை குறைந்தால் கோபுரம் நிற்காமலா போகும்? நீலக் கட்டை இப்போது என் மேசையில் இருக்கிறது. மூட்டைக்குள் இருந்த காலத்தில் அதை ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை.

பிள்ளைகளின் சாமான்களைப் பொறுத்தவரை கறாராகவே சொல்கிறேன்: அவர்களைக் கேட்காமல் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள். வளர்ந்துவிட்டாலும் அவை அவர்களுடையவை. பெட்டியைத் தரையில் பரப்பிப் படம் எடுத்து அனுப்புங்கள். வேண்டியதைச் சொல்லட்டும், எப்போது எடுத்துப் போவார்கள் என்ற தேதியையும் சேர்த்துச் சொல்லட்டும். ‘இருக்கட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்’ என்ற பதிலை மட்டும் ஏற்காதீர்கள். புது வீட்டில் அதற்கு இடம் இல்லை.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை அவசியம். பெயிண்ட் உரிந்த பழைய பொம்மைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம். பொம்மைகளில் ஈயம் கலந்த பெயிண்ட்டை அமெரிக்காவிலேயே 1978-ல்தான் தடை செய்தார்கள். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு உதிரிச் சக்கரம், மணி, பொத்தான் மாதிரி வாய்க்குள் போகிற எதுவும் போகக் கூடாது. பேட்டரி பொம்மை என்றால் மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகப் பொரிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது, வெறுங்கையால் தொடாதீர்கள். பட்டன் பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். பிசுபிசுத்துப்போன பிளாஸ்டிக், துண்டு தொலைந்த பசில், இவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். நமக்கே வேண்டாத குப்பையை இன்னொருவர் தலையில் கட்டுவதைக் கொடுப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஷோகேஸ் இவ்வளவு கஷ்டம் இல்லை. எடுத்துப் பார்த்ததும் கொடுத்தவர் முகம் நினைவுக்கு வராத பொருள் முதலில் போகட்டும். முகம் நினைவுக்கு வந்தும் பொருள் பிடிக்கவில்லையா? படம் எடுத்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள். பரிசு தந்தவரின் அன்பு, அதை நீங்கள் வாங்கிக்கொண்ட அன்றைக்கே உங்களிடம் சேர்ந்துவிட்டது. படம் எடுப்பதை லேசாக நினைக்காதீர்கள். 2017-ல் வெளியான ஒரு ஆய்வுக்காக, அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதி மாணவர்களிடம் நினைவுப் பொருட்களைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். வெறுமனே கொடுங்கள் என்று கேட்ட விடுதிகளைவிட அங்கே சுமார் 15 சதவீதம் கூடுதலாகப் பொருட்கள் சேர்ந்தன. படத்தோடு இரண்டு வரியும் எழுதி வையுங்கள்: யார் கொடுத்தது, எப்போது, அன்று என்ன நடந்தது.

‘எல்லாவற்றையும்’ என்று உங்கள் கணவர் சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. புது வீட்டில் ஒரே ஒரு தட்டு உங்களுக்கு என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்யுங்கள். யாரும் காரணம் கேட்கக் கூடாது.

கடைசியாக அந்தக் கரடி. டொனால்ட் வின்னிகாட் என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர், சின்ன வயதில் குழந்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் போர்வை, பொம்மை பற்றி 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தை தானே மாற்றினால் ஒழிய அந்தப் பொருள் மாறவே கூடாது, அதனால்தான் அழுக்கானாலும் அம்மாக்கள் துவைக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று அதில் சொல்கிறார். உங்கள் மகளின் கரடியை நீங்கள் எத்தனை முறை துவைக்காமல் விட்டிருப்பீர்கள்! அதைக் கொடுக்கும் பெட்டியிலும் போட வேண்டாம், பரணிலும் போட வேண்டாம். இன்றைக்கே மகளுக்குப் போன் பண்ணி ‘உன் கரடி இங்கே இருக்கிறது, அனுப்பட்டுமா’ என்று கேளுங்கள். சரி என்றால் நன்றாகச் சுற்றி அனுப்புங்கள். அழகாக இருக்கட்டும் என்று இன்னொரு காதை மட்டும் தைத்துவிடாதீர்கள், மகளைக் கேட்காமல்.